அறியா வினாவுக்கு ஒரு வகுப்பு

“சார், இதுக்கு சி நல்லாத் தெரிஞ்சிருக்கணுமா?”

“லினக்ஸ் போட்டே ஆகணுமா மேடம்? விண்டோஸ்ல ஓடாதா?”

“பைத்தான் இருக்கும்போது இதை எதுக்குப் படிக்கணும்?”

“கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர்ல அரியர் இருக்கு, இந்தப் பேப்பர் புரியுமா?”

“பிளேஸ்மெண்ட்ல இதையெல்லாம் கேக்குறாங்களா?”

சிஸ்டம்ஸ் புரோகிராமிங் பாடத்தின் முதல் வகுப்பில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கல்லூரியானாலும் சென்னையானாலும் பெரிதாக மாறுவதில்லை. ஐந்து நிமிடத்தில் இவற்றுக்கு ஏதோ சொல்லிவிட்டு முதல் யூனிட்டைத் தொடங்குவது நம் வழக்கம். சிலபஸ் முடிய வேண்டும், இன்டர்னல் நெருங்குகிறது, ஆசிரியரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தப் பாடம் உலகில் வளர்ந்த கதையையும் நம் ஊருக்கு வந்து சேர்ந்த கதையையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஐந்து நிமிடத்தை அவ்வளவு எளிதில் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் வருகிறது.

அசெம்பிளர், கம்பைலர், லிங்க்கர், லோடர், இயங்குதளம் என்று, மற்ற எல்லா மென்பொருளும் எவற்றை நம்பி ஓடுகின்றனவோ அவற்றைக் கற்பிக்கும் பாடம் இது. வங்கிச் செயலியும் ரயில் டிக்கெட் செயலியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. கணினிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒரு மாணவர் நேருக்கு நேர் பார்க்கக்கூடிய இடமும் இதுதான்.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரித்தது பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். விடை தெரிந்த ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ள மாணவர் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று முடிவுக்கு வர முடியாமல் கேட்பது ஐயவினா. கொளல், கொடை, ஏவல் என்ற மற்ற மூன்றும் இங்கே வேண்டாம். நம் கல்லூரிகளில் புழங்குவது ஏறக்குறைய முழுக்க அறிவினாதான். டூ மார்க், மாடல் எக்ஸாம், வைவா எல்லாமே விடை தெரிந்தவர் கேட்பவை. அறியா வினாவும் ஐயவினாவும் ஒரு செமஸ்டர் முழுவதிலும் வாய்விட்டு எழுவது அநேகமாக அந்த முதல் வகுப்பில்தான்.

மாணவரின் கேள்வி இப்படி அருகிப்போனது கடலூர் வட்டாரத்துக்குப் புதிய சங்கதி என்பதுதான் வியப்பு. பதினான்காம் நூற்றாண்டில், தில்லையை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவம் ‘வினா வெண்பா’ என்று ஒரு சிறுநூல் எழுதினார். 13 பாட்டு. தம் குரு மறைஞான சம்பந்தரை நோக்கி மாணவராக அவர் கேட்கும் கேள்விகளே அந்த நூல். விடைகளைத் தனியே எழுதி வைக்கவில்லை; உரைகாரர்கள் கேள்விக்குள்ளிருந்தே விடையை எடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்பே, பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ள திருவதிகையைச் சேர்ந்த மனவாசகம் கடந்தார் ‘உண்மை விளக்கம்’ எழுதியிருந்தார். அதிலும் மாணவர் கேட்கிறார், குரு சொல்கிறார். இன்றைய கடலூர் மாவட்ட எல்லைக்குள், ஒரு தத்துவ மரபின் அடிப்படை நூல்களில் இரண்டு மாணவரின் கேள்வியைக் கொண்டே கட்டப்பட்டிருக்கின்றன. சமயத்தில் ஒருவருக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கற்பித்தல் முறை என்று பார்த்தால் இது பெரிய விஷயம். கேட்பவனின் குழப்பம் நூலில் இடம்பெறத் தகுந்தது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

1864-ல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சு வந்துவிட்ட காலம். மிஷனரிகளின் வினாவிடை முறையை எடுத்துக்கொண்டு சைவத்துக்கும் இலக்கணத்துக்கும் வினாவிடைகள் தயாரித்தார். ஏராளமான பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் எழுத்தறிவையும் பாடத்தையும் கொண்டுசேர்க்க அது பயன்பட்ட அளவுக்கு வேறெதுவும் பயன்பட்டிருக்காது. ஆனால் ஒரு மாற்றம் அங்கே நடந்துவிட்டது. கேள்வியையும் ஆசிரியரே எழுதினார். மாணவர் இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்தார். நாவலருக்கு அதற்கான நியாயம் இருந்தது. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் பொறியியல் கல்லூரி அதே இடத்தில் நிற்பதற்கு நியாயம் இல்லை.

சிதம்பரத்தில் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1945-ல் அங்கே பொறியியல் வந்தது. அன்றைய தென்னார்க்காட்டின் நெல் வயல்களுக்கு நடுவே ஓர் உறைவிடப் பல்கலைக்கழகம் என்பது பெரிய துணிச்சல். கணினி என்ற பாடம் இந்தியாவுக்குள் வந்தது அதற்கும் பிறகு, வேறு வாசல் வழியாக. 1963-ல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 எந்திரம் வந்து இறங்கியது. அங்கே கணினிக் கல்வியை ஊன்றியவர்களில் முதன்மையானவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். வகுப்பில் கற்பித்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய புரோகிராமிங் நூல்கள், எந்திரத்தைக் கண்ணால் பார்த்திராத மாணவர்களுக்கும் மலிவு விலையில் போய்ச் சேர்ந்தன. எந்திரம் அரிதாக இருந்த நாட்டில் புத்தகமே எந்திரமாக இருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. 1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. 2001-ல் அவை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. கடலூரில் படித்தாலும் கன்னியாகுமரியில் படித்தாலும் ஒரே சிலபஸ், ஒரே வினாத்தாள் என்றாயிற்று. பத்து டூ மார்க், ஐந்து பதினாறு மார்க் என்பதே நெடுநாள் இருந்த அமைப்பு. சிஸ்டம் சாஃப்ட்வேருக்குப் பல ஆண்டுகள் பாடநூல் லீலண்ட் பெக் எழுதியது. அவர் கற்பிப்பதற்கென்றே எஸ்ஐசி என்று ஓர் எளிய எந்திரத்தைக் கற்பனையில் உருவாக்கினார். உண்மை எந்திரங்களின் கோணல்களில் மாணவர் சிக்கிக்கொள்ளக் கூடாது என்ற நல்ல நோக்கம் அது. நம் தேர்வு முறையில் அது காகித எந்திரமாகவே நின்றுவிட்டது. டூ பாஸ் அசெம்பிளரை சி மொழியில் எழுதி, சிம்டேப், ஆப்டேப் என்ற அட்டவணைகளை ரெக்கார்ட் நோட்டில் கட்டம் போட்டு வரைந்து, கையெழுத்து வாங்கினால் லேப் முடிந்தது. இல்லாத எந்திரத்திடம் யாரும் ஐயம் கேட்க முடியாது. அது தவறாக ஓடாது, திடீரென்று நிற்காது, புத்தகத்தில் இல்லாத எதையும் செய்யாது. மாணவருக்கு வியப்பு ஏற்பட வழியே இல்லை.

இருக்கிற எந்திரத்தையும் அப்படித்தான் ஆக்கிவைத்திருந்தோம். டர்போ சி நினைவிருக்கிறதா? நீலத் திரை, கோனியோ ஹெடர், கிளியர்ஸ்கிரீன், கடைசி வரியில் கெட்ச். டாஸ் காலத்து மென்பொருள்; பதினாறு பிட் உலகத்துக்காக எழுதப்பட்டது. நம் லேப்களில் அது தன் காலம் முடிந்தும் நெடுநாள் ஓடியது. அதில் ஓர் இன்டிஜரின் அளவு 2 பைட். கைடுகளில் 2 பைட், டூ மார்க் விடையிலும் 2 பைட். அதே மாணவர் வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஜிசிசி கம்பைலரில் ஓட்டிப் பார்த்தால் 4 என்று வரும். “புக்ல ரெண்டுன்னு போட்டிருக்கு, மெஷின் நாலுன்னு சொல்லுது. எது சார் கரெக்ட்?” இதைவிட நல்ல ஐயவினா இந்தப் பாடத்துக்குக் கிடைக்காது. இன்டிஜர் இத்தனை பைட்தான் என்று சி மொழியின் தரநிலை ஒரே எண்ணாக வரையறுக்கவில்லை. குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று மட்டும் சொல்லி, மீதியை எந்திரத்துக்கும் கம்பைலருக்கும் விட்டுவிட்டது. அப்படி விட்டதால்தான் அந்த மொழி எத்தனையோ எந்திரங்களில் ஓட முடிந்தது. ஒரு கேள்விக்குள் மொழி, எந்திரம், கம்பைலர் மூன்றும் வந்துவிட்டன. ஆனால் அந்த மாணவருக்குக் கிடைத்த பதில் பல நேரம் இப்படித்தான் இருந்திருக்கும்: “எக்ஸாமுக்கு ரெண்டுன்னு எழுது.”

இதே பாடம் வேறோர் ஊரில் எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் 1976-ல் ஒரு முடிவெடுத்தார். கற்பனை எந்திரம் வேண்டாம், உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயங்குதளத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மாணவர்களோடு படிப்பது என்று. எடுத்துக்கொண்டது யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு. மூல நிரல் பத்தாயிரம் வரிக்கும் குறைவு. ஒரு தொகுதியில் நிரலையும் இன்னொன்றில் விளக்கத்தையும் அச்சிட்டுக் கொடுத்தார். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், நிரலை வகுப்பில் பயன்படுத்த ஏடி அண்ட் டி நிறுவனம் தடை போட்டது. லயன்ஸ் நூல் ஜெராக்ஸின் ஜெராக்ஸாக உலகம் முழுக்கச் சுற்றியது. முறையான நூலாக வெளிவந்தது 1996-ல்தான்.

அந்த நிரலில் ஒரு புகழ்பெற்ற குறிப்பு உண்டு. ஒரு புராசஸை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், இது உங்களுக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி. படித்தவர்களில் பலர் அதை ஆணவம் என்று நினைத்தார்கள். பின்னாளில், யூனிக்ஸைச் செய்தவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி விளக்கம் சொன்னார். மாணவரை மட்டம் தட்டுவதற்காக எழுதவில்லையாம். இது பரீட்சைக்கு வராது என்று வகுப்பில் சொல்வது போன்ற தொனிதானாம். அதோடு நிற்காமல், அந்த இடம் தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பிடிபி 11 எந்திரத்தில் அது சிக்கலின்றி ஓடியது, அந்தக் கம்பைலரின் பழக்கம் அப்படி அமைந்திருந்ததால். இன்டர்டேட்டா என்ற வேறோர் எந்திரத்துக்கு மாற்றும்போதுதான் அடிப்படையிலேயே தவறு இருப்பது தெரிந்தது.

நம் மாணவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். யூனிக்ஸைச் செய்தவர்களுக்கே ஓர் இடத்தில் புரியாமல் இருந்திருக்கிறது. அரியர் இருக்கிறதே, புரியுமா என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எது? வகுப்பில் யூனிக்ஸைத் திறந்து காட்ட முடியாமல் போன அந்தத் தடையின் பின்னணியில்தான் ஆண்ட்ரூ டேனன்பாம் கற்பிப்பதற்கென்று மினிக்ஸை எழுதி 1987-ல் வெளியிட்டார். அதை வைத்துப் படித்த ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஜூலையில் மினிக்ஸ் பயனர்களிடம் ஒரு விவரம் கேட்டார்: போசிக்ஸ் தரநிலையின் விதிகள் எங்கே கிடைக்கும்? அடுத்த மாதம் தன் முயற்சியை அறிவித்தார். லினக்ஸைப் பற்றி வெளியுலகில் பதிவான முதல் தடயம் ஒரு மாணவரின் அறியா வினா.

சரி, நம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு வருவோம். பைத்தான் போதாதா? பைத்தானை ஓட்டும் முதன்மையான நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் ஒவ்வொரு பட்டியலும் எண்ணும் உள்ளே ஒரு சி அமைப்புதான். மூல நிரல் திறந்தே இருக்கிறது, முதல் நாளிலேயே காட்டலாம். பிளேஸ்மெண்ட் கேள்வியையும் சிறுமைப்படுத்தக் கூடாது. வீட்டின் கடனை மனதில் வைத்துக் கேட்கும் கேள்வி அது. எல்லா நேர்காணலிலும் கேட்பதில்லை, நன்றாகக் கற்றவருக்குக் கதவு திறக்கும் வேலைகள் இருக்கின்றன என்ற நேர்மையான பதில் போதும்.

லினக்ஸ் எதற்கு என்ற கேள்விக்குச் சொல்லால் பதில் சொல்வதைவிட ஒரு சின்ன நிரல் போதும். சி மொழியில் மூன்றே வேலை: பிரிண்ட்எஃப் வைத்து ‘வணக்கம்’ என்று ஒரு வரி அச்சிட வேண்டும், வரி முடிவுக் குறியும் போட வேண்டும். அடுத்து ஃபோர்க். பிறகு முடிந்தது. திரையில் ஓட்டினால் வணக்கம் ஒருமுறை வரும். அதே நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, கோப்பைத் திறந்து பார்த்தால் இரண்டு வணக்கம் இருக்கும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. “ஏன் ரெண்டு தடவை வருது?” என்று வகுப்பே கேட்கும், கடைசி பெஞ்சு உட்பட.

திரைக்கு எழுதும்போது வரி முடிந்தவுடன் சி நூலகம் அதை இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் தள்ளிவிடுகிறது. கோப்புக்கு எழுதும்போது அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் கெர்னலை அழைப்பது செலவு என்பதால், பஃபர் நிறையும் வரை தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. ஃபோர்க் அந்தப் புராசஸை நினைவகத்தோடு சேர்த்து நகலெடுக்கிறது. எழுதப்படாமல் காத்திருக்கும் வணக்கமும் நகலாகிவிடுகிறது. முடியும்போது தாய்ப் புராசஸும் நகலான பிள்ளைப் புராசஸும் தத்தம் பஃபரைத் தனித்தனியே கொட்டுகின்றன. பஃபரிங், சிஸ்டம் கால், புராசஸ், நினைவக நகல் என்று யூனிட் யூனிட்டாகப் பிரித்து நடத்தும் அத்தனையும் ஒரே கேள்வியின் பின்னால் வரிசையாக வந்து நிற்கின்றன.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு கேள்வி இயல்பாகவே வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதையடுத்து வந்த மாதங்களில் மாநிலம் முழுக்க மின்வெட்டும் கடுமையாக இருந்தது. கரண்ட் போவதும் வருவதும் வாழ்க்கையின் பகுதியாக இருந்த ஊரில் வளர்ந்த பிள்ளை கேட்பான்: “சேவ் பண்ணிட்டேன் சார், சேவ்டுன்னுதான் காட்டுச்சு. கரண்ட் போய்ட்டு வந்து பாத்தா ஃபைல் காலியா இருக்கு. எப்படி?” கெர்னல் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்வது வட்டில் எழுதிவிட்டதாகப் பொருளல்ல. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அந்தத் தரவு அரை நிமிடம்வரைகூட நினைவகத்திலேயே இருக்கலாம். வட்டுக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டுமானால் எஃப்சிங்க் என்று தனியே கேட்க வேண்டும். 2009-ல் எக்ஸ்டி4 கோப்பு அமைப்பு பரவத் தொடங்கியபோது, கணினி திடீரென்று நின்றால் கோப்புகள் வெறுமையாகிவிடுகின்றன என்ற புகார் எழுந்து, லினக்ஸை எழுதுபவர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. நம் பிள்ளை கேட்டதும் அதே கேள்விதான்.

அப்படியிருந்தும் பிள்ளைகள் ஏன் கேட்பதில்லை? மொழி ஒரு காரணம், கூச்சம் இன்னொரு காரணம். வீட்டில் முதல் பட்டதாரியாக வருபவர்களுக்கு 2010 முதல் அரசு கட்டணச் சலுகை தருகிறது. இந்த மாவட்டத்தின் வகுப்பறைகளில் அவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஐயம் மனதில் தமிழில் தோன்றுகிறது. அதை ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. பாடமே தமிழில் வேண்டுமா என்ற பெரிய வாதத்தை இங்கே நான் எடுக்கவில்லை. கேள்வி தமிழில் இருக்கலாம், அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

கருவிகள் வந்து சேர்ந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தில் 2018 முதல் இயங்குதளத்துக்கும் கணினி அமைப்புக்கும் தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன, தமிழிலேயே. அந்த மடிக்கணினி கிடைத்த கிராமத்துப் பள்ளி மாணவி உண்மையான கெர்னலை மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தாள். லயன்ஸ் காலத்து மாணவர் ஜெராக்ஸுக்கு அலைந்தது அவளுக்கு ஒரு நொடி வேலை.

இப்போது பலர் ஐயத்தை ஆசிரியரிடம் கேட்காமல் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு விடுதியில் தனியே கேட்ட கேள்வி வகுப்பில் மற்ற அறுபது பேருக்குப் போய்ச் சேருவதில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கும் அதே ஐயம்தான் என்று தெரிவதில் உள்ள துணிவு அங்கே கிடைக்காது.

ஆகவே கடலூர், சிதம்பரம், நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கங்களில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் செமஸ்டரில் முதல் இரண்டு வகுப்புகளை முழுக்க மாணவர் கேள்விகளுக்கு விடுங்கள். கேட்கக் கூச்சப்படுபவர்கள் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரட்டும், தமிழிலோ கலந்தோ எப்படி வருகிறதோ அப்படி. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். தெரியாதவற்றுக்குத் தெரியாது என்று பக்கத்தில் குறித்துவிட்டு, லேபில் அவர்களோடு சேர்ந்து ஓட்டிப் பாருங்கள். இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பங்கை நல்ல கேள்விக்குக் கொடுங்கள். செமஸ்டர் முடிந்ததும் அந்த நோட்டை அடுத்த பேட்ச் கையில் கொடுங்கள்.